டிரைவரின் கால் அச்சும் ஒரு பழைய கேபிளும்

கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டது என்று காலக்கா சொன்னபோது யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னறையில் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்த கணவர், "நமக்கும்தான் வயசாகுது" என்று சிரித்தார். கொழுந்தன் போனில், "பழைய கம்ப்யூட்டர்னா அப்படித்தான் அண்ணி. ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாருங்க" என்றான். பார்த்தாள். ஒன்றும் மாறவில்லை. ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய் டீ போட்டு, குடித்து, டம்ளரையும் கழுவிவிட்டு வந்தால், அப்போதுதான் திரையில் ஒரு கால் மெல்ல மெல்ல உருவாகிக்கொண்டிருக்கும்.

அவர்கள் பட்டறையில் செயற்கைக் கால்கள் செய்தார்கள். காலை இழந்தவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே மிச்சமிருக்கும் பகுதியை ஒரு கருவியால் சுற்றிச் சுற்றி அளந்து, அந்த வடிவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். எங்கே அழுத்தம் தரலாம், எங்கே இடம் விட வேண்டும் என்று பார்த்துத் திரையிலேயே திருத்துவாள். பிறகு கடைசல் எந்திரம் அந்த வடிவத்தை நுரைக் கட்டையில் செதுக்கும். அந்த அச்சின் மேல் கணவர் பிளாஸ்டிக்கை இழுத்து மூடி ஒரு கிண்ணம் செய்வார். மிச்சக்கால் போய் உட்காருவது அந்தக் கிண்ணத்தில்தான். மனிதரின் முழு எடையும் அதில்தான் இறங்கும்.

காலக்கா என்ற பெயர் வாடிக்கையாளர்கள் வைத்தது. அவளைவிட இரு மடங்கு வயதானவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள்.

கடைசல் எந்திரத்தைச் செய்த கம்பெனி எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அதை இயக்கும் எலெக்ட்ரானிக் அட்டை அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குள்தான் பொருந்தும். அதனால் கம்ப்யூட்டரை மாற்று என்று யார் சொன்னாலும் அவள் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

அன்று காலை தையல்காரம்மாவின் வடிவத்தைத் திறந்தாள். அந்தம்மா புதுக் கால் பக்கவாட்டில் குத்துகிறது என்று இரண்டு முறை போன் செய்திருந்தார். போட்டுப் பழகினால் சரியாகிவிடும் என்று காலக்கா சமாதானம் சொல்லியிருந்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை, ஒரு முறை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். பாதி கால் திரையில் வந்தது. அப்படியே நின்றது. பிறகு ஒரு சாம்பல் நிறப் பெட்டி முளைத்தது: ஹார்ட் டிஸ்கிலிருந்து தகவலைப் படிக்க முடியவில்லை, பரிமாற்றத்தில் பிழை.

மறுபடி முயன்றாள். மறுபடியும் அதே பெட்டி.

இத்தனை பேருடைய கால்களும் அந்த டப்பாவுக்குள்தான் இருந்தன. கொழுந்தன் போன வருடம் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தான். அதற்குப் பிறகு வந்தவர்களின் கால்களுக்கு இந்த டப்பாவை விட்டால் வேறு இடம் இல்லை.

"தம்பி, உடனே கிளம்பி வா" என்றாள் போனில். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுன்னு சொன்னே, நேரா வந்து உன் மண்டையத்தான் ஆஃப் பண்ணுவேன்."

கொழுந்தனுக்கு வீட்டில் பெயர் நட்டு. சின்ன வயதில் கையில் கிடைத்த எதையும் கழற்றிப் போட்டுவிடுவான், அதனால். பெரியவனாகிக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்த பிறகு, "நட்டு கழண்டவன்கிட்ட போய் கம்ப்யூட்டரைக் குடுக்கறாங்க பாரு" என்று அண்ணன் கிண்டல் செய்வார். அன்று அவன் வந்து இறங்கியபோது யாரும் கிண்டல் செய்யவில்லை.

பெட்டியில் இருந்த செய்தியைப் படித்தான். முகம் கொஞ்சம் மாறியது. "இதுல இனிமே எதையும் சேமிக்காதீங்க. ஒரு எழுத்துகூட" என்றபடி மின்சாரத்தைத் துண்டித்தான்.

"போயிடுச்சா?"

"தெரியல அண்ணி. பார்த்தாதான் தெரியும்."

ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, தான் கொண்டுவந்த கம்ப்யூட்டரோடு இணைத்து, முழுவதையும் நகலெடுக்கப் போட்டான். காலக்கா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் ஒரு பச்சைப் பட்டை நகர்ந்தது. அது ஒரு நொடி தயங்கினால் அவளுக்கும் மூச்சு தயங்கியது. டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டால் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், நட்டு முன்பே சொல்லியிருக்கிறான். அவள் குனிந்து காதைக் கிட்டே வைத்துக் கேட்டாள்.

"அண்ணி, அது என்ன நெஞ்சுத் துடிப்பா? தள்ளி உட்காருங்க, எனக்கு வேலை ஓடல."

பட்டை கடைசிவரை போய்ச் சேர்ந்தது. ஒரு பிழைகூட இல்லை. கணவர் பின்னறை வாசலிலிருந்து, "உயிர் இருக்கா?" என்றார். "நல்லாவே இருக்கு" என்றான் நட்டு. காலக்கா எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அப்போ எதுக்குப் படிக்க முடியலன்னு சொல்லிச்சு?"

அதுதான் அவனுக்கும் புரியவில்லை. டிஸ்கைத் திரும்பப் பழைய கம்ப்யூட்டரில் பொருத்தினான். மறுபடி அதே பிழை. கழற்றித் தன்னுடையதில் போட்டான், பிழை இல்லை. டிஸ்கும் நல்லது, கம்ப்யூட்டரின் மதர்போர்டும் ஓடுகிறது என்றால் மிச்சமிருப்பது நடுவில் உள்ளது. அகலமான ரிப்பன் போன்ற சாம்பல் நிற கேபிளை உருவி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். ஒரு முனையில், பிளக்கை ஒட்டி, கூர்மையாக மடிந்திருந்தது. அந்த மடிப்பில் இரண்டு மூன்று கம்பிகள் வெளுத்து, ஒன்று பிளந்தே இருந்தது.

கணவர் கிட்டே வந்து பார்த்தார். தொண்டையைச் செருமினார். "போன மாசம் உள்ளே தூசி தட்டினேன்" என்றார். "மூடி சரியா உட்காரல. கொஞ்சம் அழுத்தி மூடினேன்."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்தான்."

காலக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் பின்னறைக்கே போய்விட்டார்.

நட்டு தன் பையிலிருந்து வேறு கேபிள் எடுத்து மாட்டினான். கம்ப்யூட்டர் எழுந்தது. உள்ளே போய் ஏதோ ஒரு அமைப்பைத் திறந்து பார்த்து, அழித்து, மறுபடி துவக்கினான். தையல்காரம்மாவின் ஃபைல் ஒரு சொடுக்கில் முழுசாக வந்து நின்றது. பழைய வேகம். காலக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நட்டு சிரிக்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, இது எப்போதிலேருந்து மெதுவாச்சு?"

"நான்தான் உனக்குப் போன் பண்ணினேனே. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இருக்கும்."

"அதுக்கப்புறம் எந்தெந்தக் கால் செஞ்சீங்க?"

அவன் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவள் சிரிப்பை நிறுத்தியது. "ஏன் கேக்கற?"

அவன் ஸ்டூலை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். "டிஸ்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல தகவல் மூட்டை மூட்டையா போகும். வேகமா போகும்போது ஒவ்வொரு மூட்டையையும் எண்ணிப் பார்த்து வாங்கும். கணக்கு இடிச்சா திருப்பி அனுப்பச் சொல்லும். கேபிள் கெட்டுப்போனதால அடிக்கடி கணக்கு இடிச்சிருக்கு. திரும்பத் திரும்ப இடிச்சா, கம்ப்யூட்டர் தானா மெதுவான முறைக்கு இறங்கிடும். அதனாலதான் மந்தமாச்சு."

"சரி. இறங்கிச்சு. அதுக்கென்ன?"

"அந்த மெதுவான முறை ரொம்பப் பழசு. அதுல எண்ணிப் பார்க்கிற வழக்கமே கிடையாது."

அவள் திரும்பித் திரையில் நின்ற காலைப் பார்த்தாள்.

"இன்னிக்குக் காலைல கேபிள் முழுசா காலை வாரினதால பிழைன்னு கத்திச்சு. அதுக்கு முன்னாடி, மெதுவா ஓடின நாள்ல, வழியில ஏதாவது மாறியிருந்தாக்கூட அது பாட்டுக்கு வாங்கி எழுதி வச்சிருக்கும். சத்தமே போட்டிருக்காது." அவன் தன் கம்ப்யூட்டரைக் காட்டினான். "டிஸ்க்ல இருக்கிறதை நான் பத்திரமா நகலெடுத்துட்டேன். ஆனா அதுல எழுதினதே தப்பா இருந்தா, நான் தப்பைத்தான் பத்திரமா எடுத்திருக்கேன்."

தையல்காரம்மாவுக்குப் பக்கவாட்டில் குத்துகிறது. காலக்காவின் கை தானாக மவுஸுக்குப் போனது. மந்தமாவதற்கு முன்பே, அளந்த அன்று சேமித்த வடிவம் ஒன்று, தான் திருத்தி மந்தமான நாட்களில் சேமித்தது ஒன்று. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தாள். பக்கவாட்டில் அவள் செய்யாத ஒரு மேடுபள்ளம். அவளுடைய மென்பொருளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு புள்ளி தப்பாக இருந்தால், சுற்றியுள்ள புள்ளிகளோடு சேர்த்து வழவழவென்று இழைத்துவிடும். அதனால் அச்சில் பார்த்தால் தப்பு மாதிரியே தெரியாது. வேண்டுமென்றே செய்த திருத்தம் மாதிரி அழகாக இருக்கும்.

அந்த நாட்களில் தையல்காரம்மாவுடையதையும் சேர்த்து மூன்று கால்கள் செய்திருந்தார்கள். மூன்றாவது இன்னும் அலமாரியில்தான் இருந்தது. இரண்டாவது, முன்பு பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு டிரைவருடையது.

டிரைவரின் இரண்டு வடிவங்களையும் அதேபோல் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டாள். எலும்பின் முனை இருக்கும் இடம். அங்கே அவள் எப்போதும் தாராளமாக இடம் விடுவாள். அதற்காக அச்சில் அங்கே கொஞ்சம் மேடாக்குவாள். திரையில் இருந்ததோ ஒரு பள்ளம். அச்சில் பள்ளம் என்றால் கிண்ணத்துக்குள் அது மேடு. மேடு எலும்பை அழுத்தும்.

"அவர் ஏதாவது சொன்னாரா?" என்றான் நட்டு.

"சூப்பரா இருக்கு, வலியே இல்லைன்னு சொன்னார்." அவள் எழுந்துவிட்டாள். "அவருக்கு வலிக்காதுடா. சர்க்கரை நோய். அந்தக் கால்ல உணர்ச்சியே கிடையாது. போன தடவை செருப்புக்குள்ள ஒரு கல்லு இருந்ததே தெரியாம நடந்துதான் பாதி காலே போச்சு."

போன் அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

நட்டுவின் ஸ்கூட்டரில் ஏறினார்கள். வழியெல்லாம் அவள் போனைக் காதில் வைத்தபடியே வந்தாள். டிரைவர் வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி.

"அவரா? புதுக் கால் வந்ததிலேருந்து அவருக்கு வீட்டுல கால் தங்கறதே இல்ல" என்று சிரித்தார் அந்தம்மா. "போனை சைலண்ட்ல வச்சு சார்ஜ்ல போட்டுட்டு டிப்போவுக்குப் போயிருக்கார். பழைய கூட்டாளிகளுக்கு நடந்து காட்டணுமாம். உள்ளே வாங்க, ஒரு வாய் டீ குடிச்சிட்டு..."

"இல்லம்மா. ஒரு சின்ன அளவு பார்க்கணும்" என்றாள் காலக்கா. சின்ன அளவுக்கு யாரும் இப்படி வேர்த்து விறுவிறுக்க வந்து நிற்க மாட்டார்கள் என்று அந்தம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு நின்றது. "என்னன்னு சொல்லுங்க" என்றார். சொல்லாமலேயே காலக்கா படியிறங்கினாள். அதற்காகப் பின்னால் வெட்கப்பட்டாள்.

டிப்போவில் டிரைவர் இல்லை. நேரம் குறிப்பவரின் அறையில் கேட்டபோது, "பஸ்ல ஏறிக் கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிருக்கார். அங்கேருந்து ஒரு ரவுண்டு நடந்துட்டு அதே பஸ்ல வர்றேன்னார். நடக்கறதுக்கு இப்போ அவரை யாரும் பிடிக்க முடியாது" என்றார் அவர் பெருமையாக.

துரத்திக்கொண்டு போனால் வழியில் தவறவிட்டுவிடுவோம் என்று நட்டு சொன்னான். காத்திருந்தார்கள். ஒவ்வொரு பஸ்ஸாக உள்ளே திரும்பியது. ஒவ்வொன்றின் படியையும் காலக்கா பார்த்தாள். இறங்குகிறவர்களின் கால்கள் மட்டுமே அவள் கண்ணில் பட்டன. அவர் அங்கே வைக்கும் ஒவ்வொரு அடியும் அந்த மேட்டின் மேல்தான் இறங்குகிறது. அவள் மனசுக்குள் அந்த அடிகள் விழுந்துகொண்டே இருந்தன.

"நான் அன்னிக்கே வந்திருக்கணும்" என்றான் நட்டு. "போன்லயே வைத்தியம் பார்த்துட்டேன்."

"அச்சைக் கையால தடவிப் பார்த்தது நான்தான்" என்றாள் அவள். "பார்த்துட்டு, நல்லா வந்திருக்குன்னு சொன்னதும் நான்தான்."

அடுத்த பஸ் உள்ளே திரும்பியதும் இருவரும் எழுந்தார்கள்.

ஒருவழியாக டிரைவர் வந்தார். முன்படியில் கம்பியைப் பிடிக்காமல், மிடுக்காக இறங்கினார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகி, "அடடே, காலக்கா! டேய், இவங்கதான்டா நான் சொன்ன ஆளு!" என்று சுற்றியிருந்தவர்களைக் கூப்பிட்டார்.

"ஐயா, கொஞ்சம் உள்ளே வாங்க. காலைக் கழட்டிப் பார்க்கணும்."

"இங்கேயா? எல்லாரும் இருக்காங்களே."

"இப்பவே பார்க்கணும் ஐயா."

நேரம் குறிப்பவர் அறையை ஒழித்துக் கொடுத்தார். டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்து வேட்டியை விலக்கிக் காலைக் கழற்றினார். உள்ளே போட்டிருந்த உறையை அவள் மெதுவாக உருட்டி இறக்கினாள். உறையின் முனையில் ஈரமாக ஒரு பழுப்புத் திட்டு. அதன் கீழே, எலும்பு முனையில், தோல் சிவந்து, நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு உரிந்திருந்தது.

"எங்க? ஒண்ணும் வலிக்கலையே" என்று குனிந்தவர் அதைப் பார்த்தார்.

இதற்கு முன்னும் அவர் இப்படி ஒன்றைக் குனிந்து பார்த்திருக்கிறார். அப்போதும் வலிக்கவில்லை. கை நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டது. வெளியே கூட்டாளிகள் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

"மறுபடியும் வெட்டுவாங்களா?" என்று கேட்டார். சின்னக் குரல்.

"டாக்டர்கிட்ட போவோம் ஐயா. இப்பவே."

நட்டு ஆட்டோ பிடித்தான். கழற்றிய காலைக் காலக்கா மடியில் வைத்துக்கொண்டாள். வழியில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கேபிள், மெதுவானது, தான் கவனிக்காதது எல்லாம். அவர் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். கேட்டாரா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக் கூடத்துக்குச் செய்தி கேட்டு அவர் மனைவி வந்து சேர்ந்தார். காலக்காவின் பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் எதிர் வரிசையில் போய் உட்கார்ந்தார். மடியில் இருந்த காலை ஒரு முறை பார்த்தார். அதற்குப் பிறகு பார்க்கவேயில்லை. காலக்கா எழுந்து போய்ச் சொல்ல வாயெடுத்தபோது, "முதல்ல டாக்டர் சொல்லட்டும்" என்றார்.

கதவு திறக்கும்வரை நேரம் நகரவே இல்லை. நட்டு குறுக்கும் நெடுக்கும் நடந்து, காவலாளியிடம் திட்டு வாங்கி, வந்து உட்கார்ந்தான். காலக்கா கிண்ணத்துக்குள் கையை விட்டாள். கண்ணுக்குத் தெரியாத அந்த மேடு விரலுக்குத் தெரிந்தது. இப்போது தெரிந்தது.

டாக்டர் வந்தார். மேல்தோல் மட்டும்தான் போயிருக்கிறது, எலும்புவரை இறங்கவில்லை, சீழ் வைக்கவில்லை என்றார். "இன்னும் ஒரு வாரம் இப்படியே நடந்திருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன். புண் ஆறுற வரைக்கும் கால் மாட்டக் கூடாது. தினமும் கட்டு மாத்தணும்."

நட்டு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். டிரைவரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டு, காலக்காவைப் பார்த்து, "வாசல்ல வந்து நின்னப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"சொல்லியிருக்கணும்மா. தப்புதான்."

அந்தம்மா எழுந்து கணவர் இருந்த அறைக்குள் போனார்.

அன்று சாயங்காலமே தையல்காரம்மாவின் கால் பட்டறைக்குத் திரும்பி வந்தது. "நான் சொன்னப்ப நம்பலையே!" என்று அந்தம்மா வாங்கு வாங்கென்று வாங்கினார். காலக்கா தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். வலிக்கிறவர் சண்டை போடுகிறார், அதுவரைக்கும் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. அலமாரியில் இருந்த மூன்றாவதை உடைத்துப் போட்டார்கள். நட்டு கடையை மூடிவிட்டு வந்து, மந்தமான நாட்களில் எழுதப்பட்ட ஒவ்வொரு ஃபைலையும் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்தான். கெட்டவற்றைத் தனியாக ஒதுக்கினான். எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் நகலெடுத்து வைத்தான். கம்ப்யூட்டர் மெதுவான முறைக்கு இறங்கினால் கடைசல் எந்திரமே ஓடாதபடி ஒரு பூட்டும் போட்டான். "இனிமே மந்தமானா வேலை நிக்கும் அண்ணி. திட்டத்தான் போறீங்க." "திட்டறேன். நீ போடு" என்றாள்.

டிரைவரின் புண் ஆற நாள் பிடித்தது. காலக்கா அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முதலில் அந்தம்மா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவார். பிறகு டீ வந்தது. பேச்சு வரவில்லை. டிரைவர்தான் பேசினார். நடக்க முடியாத எரிச்சலை எல்லாம் டிவியின் மேல் காட்டினார். "ஒரு பய ஒழுங்கா பஸ் ஓட்ட மாட்டேங்கறான்" என்று நாடகத்தில் வரும் பஸ்ஸைத் திட்டினார்.

தோல் முழுதாக மூடிய பிறகு புதிதாக அளவெடுத்தாள். திருத்தினாள், சேமித்தாள், திறந்து ஒப்பிட்டாள். செதுக்கிய அச்சைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள். கணவரையும் தடவச் சொன்னாள். பிறகுதான் பிளாஸ்டிக் அடுப்புக்குப் போனது.

மாட்டிப் பார்க்கும் நாளில் டிரைவரோடு மனைவியும் வந்தார். டிரைவர் ஆசையாகக் கையை நீட்டினார். அந்தம்மா குறுக்கே வந்து காலை வாங்கிக்கொண்டார். வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டு, கையைக் கிண்ணத்துக்குள் விட்டு, அடியிலிருந்து விளிம்புவரை சுற்றிச் சுற்றித் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது என்ன, இங்கே குழியா இருக்கு?"

"எலும்பு முனைக்கு இடம் விட்டிருக்கேம்மா. அந்த இடத்துல எதுவும் படக் கூடாது."

அந்தம்மா இன்னொரு முறை தடவிப் பார்த்தார். பிறகு கணவரின் மிச்சக்காலில் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி கிண்ணம். பொருத்தம் மனசுக்குப் பட்டதும் காலை அவரிடம் கொடுத்தார்.

"ராத்திரி கழட்டினதும் நான் பார்ப்பேன். தினமும் பார்ப்பேன்" என்றார். அது யாரிடம் சொன்னது என்று தெரியவில்லை.

டிரைவர் எழுந்து நின்றார். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, சுவரைத் தொடாமல், மெதுவாக நடந்தார். திரும்பி வரும்போது வேகம் கூடியது. "மெதுவா, மெதுவா" என்று மனைவியும் காலக்காவும், பின்னறையிலிருந்து எட்டிப்பார்த்த காலக்காவின் கணவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.